அப்பாவின் மோரிஸ் மைனரும் 9,000 வெள்ளியும்

கேள்வி: அண்ணே, வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த என் அப்பா, 1971இல் செகண்ட் ஹேண்டில் ஒரு மோரிஸ் மைனர் வாங்கினார். 1964 மாடல், நான்கு கதவு. 2016இல் அப்பா தவறிய பிறகு யாரும் அதை ஓட்டவில்லை. தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது இழுத்து வந்து, டவுன் வீட்டின் பின்னால் மண் தரையில் நிறுத்திக் கான்வாஸ் போட்டு மூடி வைத்தோம். போன மாதம் திறந்தால் ஒரே கராட், துரு. ஓட்டுநர் காலடியில் புல் தெரிகிறது. ஒரு பட்டறையில் முழுதாகச் செய்ய 28,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள். இன்னொருவர் பட்டி போட்டு பெயிண்ட் அடித்து 4,500க்கு முடிக்கிறேன், அடுத்த தீபாவளிக்கு ஓட்டலாம் என்கிறார். பழைய இரும்புக்காரர் 700 தருவதாகச் சொன்னதும் அம்மா அழுதுவிட்டார். கையில் 9,000 இருக்கிறது, மாதம் 350 ஒதுக்க முடியும். செம்பனை மில்லில் ஃபிட்டர் வேலை, வெல்டிங் ஓரளவு வரும். கிரான், அதாவது காரின் பதிவுப் பத்திரம், இன்னும் அப்பா பெயரில்தான். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, இதைப் படித்து முடிப்பதற்குள் போய் அந்தக் கான்வாஸை எடுத்துவிட்டு வாருங்கள்.

மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. மண் தரையிலிருந்து இரவெல்லாம் ஈரம் ஏறும், கான்வாஸ் அதை வெளியே விடாது. விடிகாலையில் அதன் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், வியர்த்திருக்கும். இத்தனை வருடமாக உங்கள் கார் ஊறிக்கொண்டிருப்பது அந்த வியர்வையில்தான். நான்கு சக்கரத்துக்கும் கீழே பலகை கொடுங்கள். மேலே பழைய தகரத்தில் ஒரு கூரை போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். காற்று ஓடினாலே பாதித் துரு நின்றுவிடும். உங்கள் 9,000இல் இதற்கு 300 போனாலும் கவலைப்படாதீர்கள்.

இனி அந்த இரண்டு விலைக்கு வருவோம். 28,000 கேட்டவர் உங்களை ஏமாற்றப் பார்க்கவில்லை. ஒரு மைனரை முழுதாகக் கழற்றி, துரு தின்ற இடமெல்லாம் வெட்டி, புதுத் தகடு வைத்து, திரும்பப் பூட்ட மாதக்கணக்கில் ஆள் வேலை போகும். அந்தத் தொகையில் பெரும்பகுதி கூலிதான். 4,500 கேட்டவரும் பொய் சொல்லவில்லை. அடுத்த தீபாவளிக்கு ஓட்டலாம் என்றார், ஓட்டலாம். அதற்கடுத்த தீபாவளியைப் பற்றி அவர் வாயைத் திறக்கவே இல்லை, கவனித்தீர்களா?

அந்த 4,500 வேலையை நானே செய்திருக்கிறேன். பட்டறை திறந்த புதிதில் ஓர் ஆசிரியர் தன் மைனரைக் கொண்டுவந்தார். கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் அப்பளம் மாதிரி இருந்தது. அவரிடம் பணம் இல்லை, என்னிடம் வேலை இல்லை. துருவைத் தேய்த்து, கண்ணாடி நார் ஒட்டி, மேலே பட்டி இழுத்து, வெளிர்பச்சையில் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். கடைத்தெருவே நின்று பார்த்தது. நாலு மாதம் கழித்து டயர் பஞ்சர் ஆகி, மனிதர் ஜாக்கியைப் பொருத்திச் சுற்றியிருக்கிறார். கார் எழும்பவில்லை, ஜாக்கிதான் காருக்குள் எழும்பியது. அவர் என்னைத் திட்டவில்லை. லோரியில் ஏற்றி வந்து என் பட்டறை வாசலில் இறக்கி, அந்த ஓட்டையை விரலால் காட்டிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அப்புறம் மூன்று மாதம், மற்ற வேலைகளுக்கு நடுவே, அதே காரை முறையாகச் செய்தேன். என் வாழ்க்கையில் நான் முறையாகச் செய்த முதல் மைனர் அதுதான்.

பட்டி மைனரில் மட்டும் ஏன் இவ்வளவு ஆபத்து என்று கேட்பீர்கள். லோரிக்கும் பழைய ஜீப்புக்கும் கீழே ஏணி மாதிரி ஒரு சேசிஸ் ஓடும். மேலே தகரம் ஓட்டையானாலும் வண்டி நிற்கும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மைனரில் அந்த ஏணி கிடையாது, பாடியேதான் சேசிஸ். வேனுக்கும் பிக்கப்புக்கும் மட்டும் தனிச் சேசிஸ் வைத்தார்கள். உங்கள் காரில் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, அதாவது சில், முன்சீட்டுக்கு அடியில் குறுக்கே போகும் சட்டம், எஞ்சினைத் தாங்கும் இரண்டு சேசிஸ் கால், பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடம், இவை நாலும்தான் எலும்பு. மற்றதெல்லாம் சட்டை. மட்கார்டு நாலும் போல்ட்டில் மாட்டியவை, கிழிந்தால் வேறு சட்டை மாட்டிக்கொள்ளலாம். நம் ஆட்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டு எலும்பை மறந்துவிடுகிறார்கள். உங்களிடம் இருக்கும் பணத்துக்கு எலும்பை முழுதாகச் செய்யலாம், சட்டையைச் சுமாராகச் செய்யலாம். எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான், மீதியெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

முதலில் எலும்பு எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு இறங்குங்கள். பழைய ஸ்குரூடிரைவர், சின்னச் சுத்தி, கம்பி பிரஷ், டார்ச், சாக்பீஸ் போதும். பக்கவாட்டில் ஜாக்கி வைக்கும் இடத்தில் வைத்துத் தூக்காதீர்கள். முதலில் சந்தேகப்பட வேண்டிய இடமே அதுதான், ஆசிரியர் கதை ஞாபகம் இருக்கட்டும். முன்னால் சஸ்பென்ஷன் கைக்கு அடியிலும் பின்னால் அக்சிலுக்கு அடியிலும் தூக்கி, இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல் வேண்டவே வேண்டாம். செங்கல் நொறுங்கும் முன் சத்தம் கொடுக்காது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, கண்ணை நம்பமாட்டார், காதைத்தான் நம்புவார். சுத்தியால் லேசாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகடு ‘ணங்’ என்னும். உள்ளே அரித்தது ‘பொத்’ என்னும். பொத் என்ற இடத்தில் தார்ப்பூச்சைச் சுரண்டிவிட்டு ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். பரிதாபம் பார்க்காதீர்கள். குத்தினால் உள்ளே போகிற இடம் ஏற்கெனவே போன இடம்தான். அப்பா காரைக் குத்துகிறோமே என்று கை தயங்கினால் யாரையாவது துணைக்குக் கூப்பிடுங்கள். ஓட்டை விழும் ஒவ்வோர் இடத்தையும் சாக்பீஸால் வட்டமிட்டு, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

குறுக்குச் சட்டத்தில் நிறைய நேரம் செலவழியுங்கள். முன் சஸ்பென்ஷனுக்கு மைனரில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பி இரண்டு, சக்கரத்திலிருந்து பின்னோக்கி நீளமாக ஓடி அந்தச் சட்டத்தில்தான் மாட்டியிருக்கும். காரின் முன்பாரம் முழுவதும் அந்த முறுக்கில் நிற்கிறது. சட்டத்தின் இரண்டு முனையும் வெளிப்பக்கம், சில்லோடு சேரும் இடத்தில், சக்கரம் அடிக்கும் சேற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு அரிக்கும். அப்புறம் பின்சீட்டைத் தூக்குங்கள். ஸ்பிரிங் பட்டையின் முன்முனை மாட்டும் இடத்தை மேலேயும் கீழேயும் பாருங்கள். முன் மட்கார்டின் பின்பக்கம் கையை விட்டால் கெட்டியான மண் வரும். அதை வழித்து எடுங்கள், இத்தனை வருடத் தோட்டச் சாலை அங்கே இருக்கும்.

டிக்கியைத் திறக்கும்போது அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: அப்பா அதில் என்ன ஏற்றினார்? தோட்டத்துக் கார்களில் டிக்கி எப்போதும் டவுன் கார்களைவிட மோசமாக இருக்கும். ரப்பர் காலத்தில் ஒட்டுப்பால் மூட்டையும் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் கேனும் போகும். செம்பனை வந்த பிறகு பொட்டாஷ் உரம். அந்த உரம் பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்புக்குச் சொந்தக்காரன். குளிர் நாடுகளில் ரோட்டில் உப்புப் போடுவதால் கார் அரிக்கிறது என்று படித்திருப்பீர்கள். நம்மவர்கள் டிக்கிக்குள்ளேயே போட்டுக்கொண்டார்கள். இந்த உப்பு துருவின் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் கொப்புளமாக எழும்பும். அதனால் டிக்கித் தரையைத் தேய்க்கும் முன், மூன்று நான்கு நாள் தினமும் நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிடுங்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கொப்புளம் வந்த கார்களைத் திரும்ப உரித்தவன் நான்.

வட்டங்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு சில், காலடித் தரை, குறுக்குச் சட்டத்தின் முனைகள், ஸ்பிரிங் மாட்டும் இடம் என்று போயிருந்தால் அது சாதாரண மைனர் துரு, செய்யலாம். முன்னால் உள்ள இரண்டு சேசிஸ் காலும் போய், எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் சுவரின் அடிப்பாகமும் போய், குறுக்குச் சட்டம் நடுவிலும் அரித்திருந்தால், தம்பி, மனசைக் கல்லாக்கிக்கொண்டு நிறுத்திவிடுங்கள். ஒன்றரை வருடத்தில் உங்களிடம் சேரக்கூடிய 15,000 வெள்ளிக்கு அதைச் செய்ய முடியாது. துரு குறைந்த வேறொரு மைனரைத் தேடி வாங்கி, அப்பாவின் ஸ்டீயரிங்கையும் சீட்டையும் மீட்டர் போர்டையும் அதில் மாட்டுங்கள். அந்தக் காரின் பாடிக்கு அப்பா காரின் சேசிஸ் நம்பரைப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது குற்றம்.

செய்யலாம் என்று வந்தால், முதல் வெள்ளியைத் தகட்டுக்குச் செலவழிக்கும் முன் பேப்பர் வேலையைப் பாருங்கள். கிரான் இறந்தவர் பெயரில் இருந்தால் ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா, நேரடியாக உங்கள் பெயருக்கு மாற்றித் தராது, வாரிசு உத்தரவு வேண்டும். அப்பா விட்டுச் சென்றது வீடு நிலம் இல்லாமல் அசையும் சொத்து மட்டும், அதுவும் 600,000 வெள்ளிக்குள் என்றால் அமானா ராயா என்னும் அரசு அறங்காவலர் நிறுவனத்திலேயே அதை முடிக்கலாம். இறப்புச் சான்றிதழ், கிரான், அம்மா, கூடப் பிறந்தவர்கள் எல்லாரையும் ஒரே நாளில் கூட்டிக்கொண்டு போனால் அலைச்சல் குறையும். பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் மாதிரி வாகனப் பரிசோதனை மையத்தின் அறிக்கையும் கேட்கலாம். எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் கிரானோடு ஒத்துப்போக வேண்டும். இத்தனை வருடம் சாலை வரி கட்டாத காருக்கு வேறென்ன கேட்பார்கள் என்பதை முதலிலேயே ஜேபிஜே கவுண்டரில் கேட்டுவிடுங்கள். அந்த நம்பர் தகடுகள் இருக்கும் பக்கம் கிரைண்டரைக் கொண்டுபோகாதீர்கள். சுத்தம் செய்கிறேன் என்று நம்பரைத் தேய்த்துவிட்டு வந்து நின்றவர்கள் உண்டு.

பணம். கையில் 9,000, ஒன்றரை வருடத்தில் 350 வீதம் 6,300, ஆக 15,300. நான் பிரித்தால் எலும்புக்கு மட்டும் 6,700 வைப்பேன். அதில் வெல்டிங் மெஷினும் மற்ற சாமானும் 1,500, தகடும் கிரைண்டர் டிஸ்க்கும் வெல்டிங் கேஸும் 1,200. மிச்சம் 4,000 இங்கிலாந்திலிருந்து வர வேண்டிய துண்டுகளுக்கும் ஒரே ஒரு ஆள் கூலிக்கும். பிரேக்குக்கு 1,500. கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் முளை), டயர் வகைக்கு 1,800. ஒயரிங், பெட்ரோல் டாங்கி, கார்புரேட்டர் எல்லாம் 800. பிரைமருக்கும் துரு தடுக்கும் மெழுகுக்கும் 700. பெயிண்டுக்கு 2,500. மிச்சம் இருக்கும் 1,300ஐத் தொடவே தொடாதீர்கள், அது தானாகக் கரையும். விலை கடைக்குக் கடை மாறும். ஆனால் இந்த வரிசை மாறக்கூடாது. எல்லாரும் பெயிண்டிலிருந்து தொடங்கிக் கீழே வருகிறார்கள், பிரேக்குக்கு வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

எல்லாத் துண்டையும் வெளியூரிலிருந்து வாங்க வேண்டாம். மைனர் 16 லட்சத்துக்கும் மேல் தயாரான கார், அதனால் இன்றும் இங்கிலாந்தில் புதுத் துண்டுகள் அடித்து விற்கிறார்கள். ஆனால் நீளமான சில்லுக்குக் கப்பல் கூலி கொடுத்தால் துண்டைவிடக் கூலி அதிகமாகிவிடும். தட்டையாகவும் நேராகவும் இருப்பதை இங்கேயே மடித்துக்கொள்ளலாம். ஈப்போவில் தகடு மடிக்கும் கடைகளில் அளவு கொடுத்தால் போதும். ஸ்பிரிங் மாட்டும் இடம், குறுக்குச் சட்டத்தின் முனை மாதிரி அளவு தப்பக்கூடாதவற்றை மட்டும் வாங்குங்கள். இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட வெளிநாட்டுச் சாமானுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள்.

வெல்டிங் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். மில்லில் உங்களுக்குப் பழக்கம் குச்சி வெல்டிங்காக இருக்கும், அரை அங்குல பிளேட்டில். அந்தக் கையோடு கார் தகட்டில் வைத்தால் சிகரெட் காகிதத்தைச் சுட்ட மாதிரி ஓட்டை விழும். கம்பி தானாக ஓடி வரும் சின்ன மிக் வெல்டிங் மெஷின் ஒன்று, 0.6 மில்லிமீட்டர் கம்பி, கேஸ் சிலிண்டர் வாங்கி, இரண்டு வாரக் கடைசி பழைய தகட்டிலேயே பழகுங்கள். தரைக்கு 1.2 மில்லிமீட்டர், பாரம் தாங்கும் இடத்துக்கு 1.6. கூரைத் தகரத்தை வெட்டி ஒட்டலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். அது மெலிசு, அதோடு அதன் ஜிங்க் எரிந்தால் வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். வேண்டாம்.

வெட்டும்போது துரு முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். அதற்கும் ஓர் அங்குலம் தாண்டி, தகடு வெள்ளையாகப் பளிச்சென்று தெரிகிற இடத்துக்குப் போங்கள். பிறகு மைலோ பெட்டி அட்டையை அந்த ஓட்டையில் வைத்து, ஓரங்களை விரலால் அழுத்தி மடக்கினால் அப்படியே அச்சு விழும். அதைக் கத்தரித்துத் தகட்டில் வைத்து வரைந்து வெட்டுங்கள். நாலு மூலையிலும் ஒவ்வொரு புள்ளி, அப்புறம் ஓர் அங்குலம் இங்கே, அடுத்த அங்குலம் எதிர்ப்பக்கம். ஒரே இழுப்பாக வெல்டிங் விட்டால் தகடு சூட்டில் அப்பளமாக உப்பும். பின்னால் தட்டையாக நசுக்கிய செம்புக் குழாயைப் பிடித்தால் சின்ன ஓட்டைகள் ஒழுங்காக அடையும், கம்பி செம்பில் ஒட்டாது.

சில்லை மாற்றும்போது மூன்றே விஷயம். ஒரு பக்கம் முடிந்த பிறகுதான் அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் கார் நடுவில் தொங்கிவிடும், கதவு பிறகு எந்த ஜென்மத்திலும் சரியாக மூடாது. வெட்டும் முன் கதவுச் சட்டத்துக்கு உள்ளே குறுக்காக இரும்புக் குழாய் ஒன்றை வெல்டிங் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மூடிப் பாருங்கள். மூன்றாவது, பழைய சில்லின் மேல் புதுத் தகட்டை மூடி போட்ட மாதிரி ஒட்டாதீர்கள். அந்த வேலையைப் பணம் வாங்கிக்கொண்டு செய்கிறவர்கள் உண்டு. உள்ளே துரு ஜாலியாக வளர்ந்துகொண்டே இருக்கும்.

குறுக்குச் சட்டத்தை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். டார்ஷன் பார் முறுக்கில் நிற்கிறது என்று சொன்னேன் அல்லவா? அதை முறையாக இளக்காமல் சட்டத்தை வெட்டினால் கை போகும். நான் ஒரே ஒரு ஆள் கூலி என்று எழுதியது இதற்குத்தான். பழைய கார் வெல்டிங் தெரிந்த ஒருவரைக் கூலிக்கு அழைத்து, குறுக்குச் சட்டத்தையும் ஸ்பிரிங் இடத்தையும் அவரிடம் விடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுங்கள். நிறையக் கற்றுக்கொள்வீர்கள்.

வெல்டிங் தொடங்கும் முன் பாட்டரியைக் கழற்றிவிடுங்கள். அதைத் திரும்ப மாட்டும் நாளில் கவனம்: உங்கள் மைனரில் யாரும் மாற்றியிருக்காவிட்டால் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும், இன்றைய கார்களுக்கு நேர்மாறு. பழக்கதோஷத்தில் மாற்றி மாட்டிவிடாதீர்கள். பின்பக்கம் வேலை என்றால் பெட்ரோல் டாங்கி காரில் இருக்கவே கூடாது. கீழே அடித்திருக்கும் தார்ப்பூச்சு தீப்பிடிக்கும், மறுபக்கத்தில் பிடிக்கும், உங்களுக்குத் தெரியாது. ஒரு வாளித் தண்ணீரோடு பையன் யாரையாவது அந்தப் பக்கம் உட்கார வையுங்கள். வேலை முடிந்து அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்.

வெல்டிங் வைத்த பெட்டிக்குள் பெயிண்ட் எரிந்து வெறும் இரும்பு நிற்கும். அங்கேதான் அடுத்த துரு. சில்லுக்குள் நீளக் குழாய் விட்டு, கேவிட்டி வேக்ஸ் என்று விற்கும் மெழுகை அடியுங்கள். அடியிலுள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். பழைய லோரிக்காரர்கள் கழிவு எஞ்சின் ஆயிலை ஊற்றுவார்கள். அது தரையெல்லாம் வடியும், அடுத்த முறை வெல்டிங் வைக்கும்போது பற்றிக்கொள்ளும்.

பிரேக்கில் ஒரு காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மைனரில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஓர் இடத்தில் ஒழுகினால் நாலும் போச்சு, கையிலிருக்கும் ஹேண்ட் பிரேக் மட்டும் மிச்சம். பிரேக்கை மிதித்தால் ஆயிலை லைனுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடித் தரைக்கு அடியில் இருக்கிறது. சாதாரண நாளில் அதைக் கழற்றுவது பெரிய ரோதனை. இப்போதுதான் தரை திறந்து கிடக்கிறதே, இப்போதே மாற்றிவிடுங்கள். சக்கர சிலிண்டர், ரப்பர் ஹோஸ், பைப் எல்லாம் புதுசு. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள். முன் கிங்பினும் அதன் அடித் திருகும் தேய்ந்திருந்தால் என்றைக்காவது ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் மடங்கி விழும், மைனருக்கே உள்ள வியாதி அது. கிரீஸ் காணாததால் வரும். என்னிடம் வரும் மைனர்களுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கச் சொல்வேன்.

எஞ்சினுக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு வாரம் விட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். இந்த எஞ்சின் சாக மனசில்லாத எஞ்சின். பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய கார்களை விற்கும் ஹாஃப்கட் கடையிலிருந்து ஜப்பான் எஞ்சின் எடுத்துப் போட்டால் ஓட்டம் பிரமாதமாக இருக்கும் என்று நண்பர்கள் வருவார்கள். எஞ்சினை மாற்றினால் ஜேபிஜே அனுமதி, பரிசோதனை என்று தனிக்கதை. அதோடு 1964ஆம் வருடத்துப் பிரேக்கில் அந்த வேகத்தை நிறுத்த வேண்டும். அதெல்லாம் காசு நிறைய இருப்பவர்களின் விளையாட்டு.

பெயிண்ட் கடைசி. வெல்டிங் முடித்த பாகங்களை அன்றன்றைக்கே எப்பாக்ஸி பிரைமரால் மூடுங்கள். சாதாரணச் சாம்பல் பிரைமர் தண்ணீரை உறிஞ்சும். அதை அடித்துவிட்டுப் பணம் சேரட்டும் என்று ஆறு மாதம் மழையில் நிறுத்திய கார்களின் கீழே புதுத்துரு பூத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தக் கழிவு முற்றத்தில் ஓடக்கூடாது. மேல் பெயிண்டை மட்டும் பட்டறையில் கொடுங்கள். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்டின் புகை நுரையீரலுக்குக் கெடுதல், வீட்டு முற்றத்தில் அடிக்கிற சாமான் இல்லை. தேய்த்து, பட்டி பார்த்து, மறைக்க வேண்டியதை மறைத்துத் தயாராகக் கொண்டுபோனால் 2,500க்கு ஒத்துக்கொள்ளும் ஆள் கிடைப்பார். ஆமாம், பட்டி. மட்கார்டில் சின்னச் சின்னப் பள்ளத்துக்குப் போடலாம், அதற்குத்தான் அது இருக்கிறது.

ஒன்றரை வருடம் ஆகும் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் ஆறு மாதம் கார் இன்னும் மோசமாகத் தெரியும், துண்டு துண்டாகக் கிடக்கும். அப்போதுதான் வீட்டில் பேச்சு வரும். அந்த நேரத்தில் தங்கள் கார்களை இரும்புக் கடைக்கு அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். நான் சின்ன வயதில் இருந்த தோட்டத்தில் கிராணி, மருந்து கொடுக்கும் டிரஸர், பள்ளித் தலைமையாசிரியர் மூன்று பேரிடமும் மைனர் இருந்தது. அந்த மூன்றில் ஒன்றுகூட இன்று இல்லை.

படங்களை எனக்கு அனுப்புங்கள். குறுக்குச் சட்டத்தையும் பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தையும் கழுவிக் காயவைத்த பிறகு, சாக்பீஸ் வட்டத்தோடு எடுங்கள். மண்ணோடு எடுத்த படத்தை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.